வடகரைக் கப்பல் – அத்தியாயம் 9: யார் ரத்து செய்தது?

போன வாரம் நாம் ஹெர்டிஸை விட்டுவிட்டு வந்தபோது அவள் சிரித்த முகத்தோடு படுக்கப் போயிருந்தாள்.

காலையில் ஸ்வார்த்ஷேர் கலங்கரை விளக்கம். கப்பல் ஸ்தூர்வோக் துறைமுகத்தில் கட்டியதும் ஆரஞ்சு நிற மிதவை உடுப்பை மாட்டிக்கொண்டு விரைவுப் படகில் ஏற வேண்டும். கொஞ்ச நேரம் அலைமேல் தாவினால் அந்தப் பாறைத் தீவு வந்துவிடும்.

பெர்கனில் கப்பல் ஏறிய நாளிலிருந்து, கரைக்கு இறங்கி எதைப் பார்ப்பது என்ற பேச்சு வரும்போதெல்லாம் அவள் விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்தாள். கணவர் ஸ்டைனார் மரத்தேவாலயம் என்றால் மரத்தேவாலயம். அவர் தங்கை ஊன்னி கடற்கழுகு என்றால் கடற்கழுகு. வழியில் எங்காவது ஒரு விளக்கு தெரிகிறது என்று கேப்டன் அறிவித்தால் மட்டும், இரவு உடைக்கு மேலே கம்பளிச் சட்டையை இழுத்துக்கொண்டு மேல்தளத்துக்கு ஓடுவாள். "இரும்புக் குழாய்க்கு மேல ஒரு பல்பு. இதுக்கா ஓடற?" என்பார் ஸ்டைனார்.

ஸ்வார்த்ஷேரை மட்டும் அவளே தேர்ந்தெடுத்தாள். மூன்று பேர் பெயரையும் அவளே பதிந்தாள்.

காலையில் கவுண்ட்டரில் நின்ற இசெலின் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். கரைப் பயணங்களைக் கவனிக்கும் பெண், இருபத்தைந்து வயதிருக்கும்.

"மன்னிச்சுக்கோங்க. உங்க பேரு கலங்கரை விளக்கப் பயணத்துல இல்லையே. மூணு பேருக்கும் கருவாட்டு அருங்காட்சியகம்னு மாத்தியிருக்கு."

"தப்பா இருக்கும் பொண்ணே. நான் கருவாடு பாக்க இவ்வளவு தூரம் வரல. அது எங்க வீட்டுக் கொட்டகையிலேயே தொங்குது."

"இல்லைங்க, நேத்து சாயங்காலம் உங்க கணவரே வந்து மாத்தினார். ஸ்டைனார் க்வால்னெஸ் தானே?" என்றவள், ஏதோ தோன்றியவளாகப் புருவம் உயர்த்தினாள். "அட, நீங்களும் க்வால்னெஸா? அங்க தீவுல விருந்தாளிகளைக் கவனிச்சுக்கற ராக்னாவும் க்வால்னெஸ்தான். சொந்தமா?"

ஹெர்டிஸ் கவுண்ட்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்த ராக்னா?"

"ரெண்டு வருஷமா அங்கதான் இருக்காங்க. அவங்க சுடற வாஃபிள் அப்பத்துக்காகவே சில பேர் வர்றாங்க. உயரமா, முன்பல்லுல ஒண்ணு ஓரம் உடைஞ்சிருக்கும்…"

அந்தப் பல் உடைந்தது எட்டாவது வயதில், படகுத்துறையில் வழுக்கி விழுந்து. ரத்தம் ஒழுக ஒழுக அவளை வாரிக்கொண்டு ஓடியது ஹெர்டிஸ்தான்.

மகள் கனடாவுக்குப் போய்விட்டாள் என்றல்லவா ஊரில் பேச்சு? நாலு வருஷமாக அதைத்தானே நம்பிக்கொண்டிருந்தாள்?

"யாராவது வராம போனா அந்த இடத்தை எனக்குக் குடு," என்றாள். இசெலினுக்கு அந்தக் குரல் புதிதாக இருந்தது. ஹெர்டிஸுக்கே புதிதாகத்தான் இருந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் ஸ்டைனார் ரொட்டித் துண்டின் மேல் டியூபிலிருந்து மீன்முட்டைப் பசையைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். எதிரே ஊன்னி காபியோடு உட்கார்ந்திருந்தாள். கணவன் இறந்த பிறகு அண்ணன் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடிவந்தவள். இந்தப் பயணத்துக்கும் தானாகவே ஒட்டிக்கொண்டவள்.

"ஏன் ரத்து பண்ணின?"

ஸ்டைனார் நிமிரவில்லை. "காத்து அடிக்குது. உனக்கு முட்டி வலி வேற. அந்தப் படகு குதிக்கற குதியில…"

"ஏன் ரத்து பண்ணின, ஸ்டைனார்?"

"உக்காரு முதல்ல. காபி ஆறுது."

"ராக்னா அங்க இருக்கா."

பிதுக்கிய பசை ரொட்டியைத் தாண்டி மேசை விரிப்பில் விழுந்தது. ஊன்னி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"மெதுவா பேசு," என்றார் ஸ்டைனார். "எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்! நாலு வருஷமா மெதுவாத்தான் பேசினேன். என்ன கெடச்சுது?"

பக்கத்து மேசைகளில் கரண்டிகள் நின்றன. இந்தக் கரையில் பிறந்தவர்கள் வீடு தீப்பற்றி எரிந்தாலும் அண்டை வீட்டுக்காரரை முதலில் வணங்கிவிட்டுத்தான் தண்ணீர் கேட்பார்கள். அறுபத்து மூன்று வயது ஹெர்டிஸ் க்வால்னெஸ் ஜனங்கள் நடுவே குரல் உயர்த்தியது அதுவே முதல் தடவை.

"எனக்கே நேத்துதான் தெரியும்," என்றார் அவர். "கீழ்க் கூடத்துத் திரையில அந்தத் தீவைப் பத்திப் படம் போட்டாங்க. அவ நின்னுட்டு இருந்தா. ஊன்னிதான் கையைப் பிடிச்சுக் காட்டினா."

"உனக்குக் காட்டினா. அதே வரிசையில நான் உக்காந்து கம்பளி பின்னிக்கிட்டு இருந்தேன். எனக்குக் காட்டல."

"உனக்காகத்தான் பண்ணினேன், ஹெர்டிஸ். நீ அங்க போய் நிப்ப, அவ மூஞ்சியைத் திருப்பிக்குவா. அதை நீ தாங்க மாட்ட."

"அவ திருப்பிக்குவான்னு உனக்கு யார் சொன்னது?"

ஸ்டைனார் தங்கையைப் பார்த்தார். ஊன்னி நாப்கினை மடிக்க ஆரம்பித்தாள்.

"போன குளிர்காலத்துல எனக்குப் போன் பண்ணினா," என்றாள். "வேலையா எங்கேயோ இருக்கேன்னா. இடம் சொல்லல. அம்மா முகத்துலேயே முழிக்க மாட்டேன்னு சொன்னா. அதை உங்கிட்ட வந்து ஒப்பிக்கச் சொல்றியா? உன் மனசு கெட்டுப் போகும்னு அண்ணன்கிட்ட மட்டும் சொன்னேன்."

"அப்ப கனடா?"

"அது… யாரோ கடையில கிளப்பிவிட்டது. நானும் வேண்டாம்னு சொல்லல."

"என் மனசு என்னோடது!" ஹெர்டிஸ், இசெலின் கொடுத்திருந்த அருங்காட்சியகச் சீட்டுகள் மூன்றையும் கடுகுச் சாற்றில் ஊறிய ஹெர்ரிங் மீன் தட்டுக்குள் வைத்து அழுத்தினாள். மஞ்சள் சாறு விரலிடுக்கில் ஏறியது. "அதைக் கெடுத்துக்கணும்னா நானே கெடுத்துக்கறேன். நீங்க அண்ணனும் தங்கச்சியும் அதுக்குக் காவல் இருக்க வேணாம்!"

மகள் மேல் ஸ்டைனாருக்கு இருந்த கோபத்தைப் பழைய வாசகர்கள் அறிவார்கள். அவரும் ஊன்னியும் சேர்ந்து நடத்திய சால்மன் பண்ணையில் மீன்களின் உடல்நலம் பார்க்கும் வேலை ராக்னாவுக்கு. கூண்டுகளில் நோய் பரவியபோது அதை மறைக்கச் சொன்னார்கள். அவள் மறுத்து அதிகாரிகளிடம் சொன்னாள். பண்ணையை மூடினார்கள். "இனி அவ இந்த வாசப்படி ஏறக் கூடாது," என்று அன்று ஸ்டைனார் கத்தியதோடு வீட்டில் மகளின் பெயர் எடுப்பது நின்றது. கொஞ்ச நாளில் ராக்னா போன் எண்ணையும் மாற்றிவிட்டாள்.

காற்றுக்குப் பயந்து ஒரு ஜெர்மன் தம்பதி பின்வாங்கியிருந்தார்கள். இசெலின் உடுப்பை எடுத்து நீட்டினாள். ஹெர்டிஸ் ஒரு காலை நுழைத்து இன்னொரு காலுக்குத் தடுமாறியபோது ஸ்டைனார் பின்னால் வந்து நின்றார்.

"அவ என்னைத் தெருவுல நிறுத்தினா, ஹெர்டிஸ்."

"நிறுத்தினா. நீ அவளை வீட்டை விட்டே நிறுத்தின. ரெண்டையும் வேடிக்கை பாத்துட்டு நான் நின்னேன். இனிமே நிக்க முடியாது."

"நீ மட்டும் இப்பப் போனா…"

"போனா? சொல்லு. போனா என்ன?"

அவருக்குப் பெரிய உடம்பு, தளர்ந்த தோள். கழுத்துவரை இழுக்க வேண்டிய பட்டை அவளுக்கு எட்டவில்லை. பழக்கத்தில் அவர் கை நீண்டது. அவள் தட்டிவிட்டுத் தானே இழுத்துக்கொண்டாள்.

"இன்னொரு இடம் இருக்குல்ல?" ஊன்னி அவசரமாக வந்தாள். "நான் கூடப் போறேன் அண்ணா. இவ தனியாப் போக வேணாம்."

"உன்னை யார் கூப்பிட்டா?" என்றாள் ஹெர்டிஸ்.

"யாரும் கூப்பிட வேணாம். நீ அழுதா பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும்."

படகு துறைமுக வாய் தாண்டியதும் கடல் அறைய ஆரம்பித்தது. பன்னிரண்டு பேர் குதிரை மேல் உட்கார்ந்த மாதிரி கைப்பிடியைப் பற்றிக்கொண்டிருந்தார்கள். ஹெர்டிஸின் உதட்டில் உப்பு, உள்ளுக்குள் காலையிலிருந்து கொதித்த கொதி. வாத்துக்கூட்டம் ஒன்று எழுந்து பறந்தது. படகோட்டி கையை நீட்டி என்னவோ கத்தினார். எல்லோரும் ஒரு பக்கமாகத் திரும்பினார்கள்.

பாறை உச்சியில் சிவப்பு இரும்புக் கோபுரம், இடுப்பில் வெள்ளைப் பட்டை. எத்தனையோ வருஷமாக அவள் பார்க்க ஆசைப்பட்ட ஸ்வார்த்ஷேர்.

அவள் அதைப் பார்க்கவே இல்லை. படகுத்துறையில் நின்ற ஒரு மஞ்சள் மழைச்சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊன்னி காதருகே குனிந்தாள். "கேளு ஹெர்டிஸ். அவ என்ன சொன்னாலும் மனசுல வெச்சுக்காதே. அவ பழைய ராக்னா இல்ல. வாய்க்கு வந்ததைச் சொல்லுவா. பொய்கூடச் சொல்லுவா."

"என் பொண்ணு பொய் சொல்லாததாலதான் உங்க பண்ணை மூடிச்சு," என்றாள் ஹெர்டிஸ்.

ஊன்னி முகத்தை அலைப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ராக்னா கயிற்றைப் பிடித்துக் கட்டினாள். ஒவ்வொருவராகக் கைகொடுத்து மேலே ஏற்றினாள். "கோபுரத்துக்கு நேரா மேல போங்க, படி வழுக்கும், கம்பியைப் பிடிச்சுக்கோங்க. காபி கீழ் வீட்டுல இருக்கு." எட்டாவதாக நீண்ட கையைப் பிடித்தவள், முகத்தைப் பார்த்ததும் பிடியை விட்டாள். ஹெர்டிஸ் தடுமாறி, தானே துறைக் கம்பத்தைப் பற்றி ஏறினாள்.

"நீயா?"

"நான்தான்."

ராக்னா மற்றவர்களை ஏற்றி முடித்தாள். கடைசியில் ஊன்னி. அவளுக்கும் கை கொடுத்தாள், முகத்தைப் பார்க்காமல். எல்லோரும் பாறைப் பாதையில் மேலே போகும்வரை கயிற்றையே சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"கலங்கரை விளக்கம் பாக்க வந்தியா?"

"உன்னைப் பாக்க வந்தேன். நீ இங்க இருக்கேன்னு இன்னைக்குக் காலையிலதான் எனக்குத் தெரியும்."

"நல்லா நடிக்கற, அம்மா." ராக்னாவின் குரல் ஏறியது. "அப்பா கத்தினாரே அன்னைக்கு, ஞாபகம் இருக்கா? வாசப்படி ஏறாதேன்னார். நான் உன்னைப் பாத்தேன். நீ என்ன பண்ணின? பாத்திரம் கழுவின. நான் உன்னைக் கூப்பிட்டேன். நீ குழாயை இன்னும் பெருசாத் திறந்துவிட்ட."

ஹெர்டிஸுக்கு அந்தத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. நாலு வருஷமாக அவள் பாத்திரம் கழுவும்போதெல்லாம் கேட்பதுதான்.

"ஆமா," என்றாள். "திறந்துவிட்டேன்."

மறுப்பாள் என்று எதிர்பார்த்த ராக்னா ஒரு நொடி திகைத்தாள். அதில் கோபம் இன்னும் கூடியது.

"அதைக்கூட மன்னிச்சேன் நான்! ராத்திரி பகலா யோசிச்சு மன்னிச்சேன். உன் நம்பரை அழுத்திட்டு, மணி அடிக்கறதுக்குள்ள வெச்சுடுவேன். நீ எடுக்காம போயிட்டா என்ன பண்றதுன்னு பயம். அதனாலதான் போன குளிர்காலத்துல அத்தைகிட்டக் கேட்டேன். நான் கூப்பிட்டா அம்மா பேசுவாளான்னு. அதுக்கு நீ சொல்லி அனுப்பின பாரு ஒரு பதில்…"

"நான் என்ன சொல்லி அனுப்பினேன்?"

"எனக்குப் பொண்ணே பொறக்கலன்னு நெனச்சுக்கறேன், இனிமே தொந்தரவு பண்ண வேணாம்னு சொல்லு. இதுதான் நீ சொன்னது."

கோபுரத்து மேலிருந்து யாரோ சிரிக்கும் சத்தம் வந்தது. ஹெர்டிஸ் மெதுவாகத் திரும்பினாள்.

ஊன்னி துறையின் ஓரத்தில், படகுக்குப் பக்கமாக நின்றிருந்தாள். ஆரஞ்சு உடுப்புக்குள் குறுகிப்போய்.

"ஊன்னி."

"காத்துல சரியாக் கேக்கல…"

"ஊன்னி! நீ எங்கிட்ட எப்பக் கேட்ட? நான் எப்ப அந்தப் பதிலைச் சொன்னேன்?"

ராக்னாவின் கையிலிருந்து கயிறு நழுவியது. அம்மாவைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள்.

ஊன்னி முதலில் உதட்டைக் கடித்தாள். அப்புறம் தலை நிமிர்ந்தது. அழுகை வரும் என்று பார்த்தால், வந்தது அழுகையில்லை.

"ஆமா, நான்தான் சொன்னேன். என்ன இப்ப? இவ ஒருத்தி வாயைத் திறந்ததுல என் பொழப்பு போச்சு. என் வீட்டுக்காரன் பனியில நின்னு கட்டின கூண்டு ஒவ்வொண்ணும். அதை இழுத்துட்டுப் போய் இரும்புக் கடையில போட்டாங்க. கடைக்குப் போனா ஒருத்தரும் பேசல. அந்த வருஷம் ஊர்ல என்னைக் கிறிஸ்துமஸுக்கு ஒரு வீட்டுலகூட கூப்பிடல. இவ என்னடான்னா ஜாலியாப் போன் பண்ணி, அம்மா பேசுவாளா அத்தைன்னு கேக்கறா. ஏன் பேசணும்? என்னோடது எல்லாம் போயிடுச்சு, உனக்கு மட்டும் உன் பொண்ணு திரும்பக் கெடைக்கணுமா?"

"அண்ணன்கிட்டச் சொன்னதும் பொய்தானா?"

"அவர் எதையும் நம்புவார். நான் சொன்னா நம்புவார்."

ஹெர்டிஸ் நடந்து போனாள். முட்டி வலி ஞாபகம் இல்லை. ஊன்னிக்கு எதிரே மிக நெருங்கி நின்றாள். அறையப் போகிறாள் என்றுதான் ராக்னா நினைத்தாள். ஊன்னியும் அப்படித்தான் நினைத்துக் கண்ணை மூடினாள்.

"கண்ணைத் திற. நான் உன்னை அடிக்க மாட்டேன். அடிச்சா உனக்கு சௌகரியமாப் போயிடும். அதைக் காட்டி அண்ணன்கிட்ட அழுவ. உன் வீட்டுக்காரன் செத்தப்ப மூணு மாசம் உன் பக்கத்துலேயே படுத்திருந்தேன். உனக்கு சூப்பு ஊட்டினேன். என் பொண்ணு போன் பண்ணின அன்னைக்குக்கூட நீ எங்க வீட்டுலதான் சாப்பிட்டிருப்ப. சாப்பிட்டியா இல்லையா?"

ஊன்னி கண்ணைத் திறந்து தரையைப் பார்த்தாள்.

"சாப்பிட்டிருப்ப. என் மேசையில உக்காந்து, என் கையால வாங்கி. இப்ப நீ திரும்பிப் போற. கப்பல் கிளம்பறதுக்குள்ள ஸ்டைனார்கிட்ட உன் வாயாலேயே சொல்ற. ஒரு வார்த்தை விடாம. நீ சொல்லலன்னா நான் கூப்பிட்டு, கப்பல் ஒலிபெருக்கியிலேயே சொல்ல வெப்பேன்."

"நீயும் வருவியே, நீயே சொல்லிக்கோ."

"நான் வரல."

சிறிது நேரம் கழித்துப் படகோட்டி விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு இறங்கி வந்தார். காபியும் வாஃபிளும் சாப்பிட்ட முகங்கள் சிவந்திருந்தன. ஒருத்தி உதட்டோரத்து ஜாமைத் துடைத்துக்கொண்டே, "எவ்வளவு அமைதியான இடம்!" என்றாள். எண்ணிப் பார்த்த படகோட்டி, ஒருவர் குறைவதைக் கண்டு ஹெர்டிஸிடம் வந்தார்.

"கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காதும்மா."

"எனக்காகக் காத்திருந்து யாருக்கும் பழக்கம் இல்ல. நீங்க போங்க." உடுப்பைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தாள்.

அவர் ராக்னாவைப் பார்த்தார். ராக்னா வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

படகு நுரை கிளப்பிக்கொண்டு போயிற்று. ஊன்னியின் முதுகு கடைசிவரை திரும்பவில்லை. அம்மாவும் மகளும் துறையில் தனியாக நின்றார்கள். காற்று ஹெர்டிஸின் கம்பளிச் சட்டைக்குள் புகுந்தது.

"நான் உன்னை உள்ள கூப்பிடல," என்றாள் ராக்னா.

"தெரியும்."

"அத்தை பொய் சொன்னாங்கறதுக்காக குழாய் மூடிடாது."

"அதுவும் தெரியும். திட்டணும்னா திட்டு. நாலு வருஷத்துக்கும் சேத்துத் திட்டு. நான் எங்கயும் போகல."

ராக்னா திட்டினாள். பண்ணையில் முதல் மீன் செத்த நாளிலிருந்து ஆரம்பித்தாள். ஊரார் அவள் கார்க் கண்ணாடியில் மீன் குடலை வீசியதைச் சொன்னாள். அன்றைக்கு அம்மாவுக்குப் போன் போட்டபோது, "அப்பா தூங்கறார், அப்புறம் பேசறேன்," என்று அம்மா கிசுகிசுத்துவிட்டு வைத்ததைச் சொன்னாள். அந்த அப்புறம் வரவே இல்லை என்றாள். குரல் கம்மிப் போகும்வரை சொன்னாள். ஹெர்டிஸ் ஒன்றைக்கூட மறுக்கவில்லை. நடுவில் ஒரு இடத்தில் மட்டும், "அது செவ்வாய்க்கிழமை இல்ல, வெள்ளிக்கிழமை," என்றாள். அதற்கும் சேர்த்துத் திட்டு வாங்கினாள்.

கீழ் வீட்டிலிருந்து வாஃபிள் கருகும் வாசனை வந்தது. ராக்னா சபித்துக்கொண்டே உள்ளே ஓடினாள்.

அப்போதுதான் ஹெர்டிஸின் பைக்குள் போன் அடித்தது. ஸ்டைனார். தூரத்தில் வெள்ளைக் கப்பல் துறைமுக வாயைத் தாண்டி, ஒரு நீண்ட சங்கொலியோடு வடக்கே திரும்பிக்கொண்டிருந்தது.

"சொல்லு."

எதிர்ப்பக்கம் கடல்காக்கைகளின் கூச்சல். கப்பல் அறைக்குள் காக்கை எப்படிக் கத்தும்?

"ஊன்னி சொன்னா," என்றார் ஸ்டைனார். குரல் உடைந்திருந்தது. "எல்லாத்தையும் சொன்னா. ஹெர்டிஸ், நான் கப்பல்ல இல்ல. இறங்கிட்டேன். ஒரு ஆள்கிட்டப் படகு கேட்டிருக்கேன். கூட்டிட்டு வரேங்கறார்."

பின்னால் கதவு அறைந்தது. கருகிய வாஃபிளைக் கடலில் எறிய வந்த ராக்னா, அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"அவரா?"

ஹெர்டிஸ் தலையசைத்தாள்.

"வரக் கூடாது." ராக்னா தட்டைப் பாறையில் நங்கென்று வைத்தாள். "இது என் வாசப்படி. அவர் இதுல ஏறக் கூடாதுன்னு நான் சொல்றேன். நீயே சொல்லு அவர்கிட்ட. என் எதிர்லயே, இப்பவே, சத்தமாச் சொல்லு."

போனுக்குள் ஸ்டைனார், "ஹெர்டிஸ்? கேக்குதா? வரலாமா?" என்றார்.

ராக்னா கைகட்டி நின்றாள். அம்மாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹெர்டிஸ் போனை வாய்க்குக் கொண்டுபோனாள்.